வாயால் சொன்னால் போதும்

பசியாற உட்கார்ந்ததும் புனிதாவின் தம்பி கோகிலன் புலம்பினான்.

“அந்தச் செம்பனைக் கம்பெனி பங்கு பாதியா விழுந்துருச்சு மச்சான். என் காசு போச்சு. உங்க மக ஷாமினி காலேஜ் காசும் அதுலதானே இருக்கு?”

“நேத்தே வித்தாச்சுலா,” என்றார் புனிதாவின் கணவர் சுகுமாரன். “போன்ல ஏஐ ஆப்பு. வாயால சொன்னா போதும், விக்கும். நேத்து நான் சொல்லாமலே வித்துருச்சு. அவ்ளோ மூளை.”

புனிதா சிரித்தாள்.

“மூளையா? ஆப்பைத் திறந்து வச்சுக்கிட்டு ரொட்டியை முழுங்குனீங்க. தொண்டையில மாட்டி, ‘விக்குது, விக்குது’ன்னு துடிச்சீங்க. ‘முழுசாவா?’ன்னு போன் கேட்டுச்சு. நான்தான் டம்ளர் முழுசா தண்ணி வேணுமான்னு கேக்குறேன்னு நெனச்சு, ‘ஆமா, முழுசா, சீக்கிரம்’ன்னீங்க.”



கோகிலன் ரொட்டித் தட்டை சுகுமாரன் பக்கம் நகர்த்தினான்.

“மச்சான், அடுத்து எப்ப விக்கும்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க.”