சுவரில் ஒட்டிய காகிதம்

பதுளை மலைகளில் மழை விடாமல் கொட்டுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் நகர்கிறதா என்று பார்க்க, வெடிப்பின் குறுக்கே நேற்றுப் பரிமளம் ஒட்டிய காகிதம் கிழிந்து கிடக்கிறது. வாசலில் குடையோடு நிற்கும் லிங்கம் கங்காணி, போனில் வந்த மண்சரிவு அறிவிப்பை நீட்டுகிறார். “வாட்சுன்னா கண்ணு வச்சிக்கிட்டு இருக்கணும். அலர்ட்டுன்னா மூட்டை கட்டி வைக்கணும். எவக்குவேட்டுன்னாத்தான் எறங்கணும். இப்ப வெறும் அலர்ட்டுதான், பரிமளம். கொழுந்தெடுக்க மலைக்கு வராட்டி இன்னிக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல.” “சொவரு வாயத் தொறந்திருச்சே, கங்காணி?” “சொவருக்கு இங்கிலீசு தெரியுமா?” சிரித்துக்கொண்டே அவர் அடுத்த வாசலுக்குப் போகிறார். பரிமளம் மீந்த சோற்றை நசுக்கி, வெடிப்பின் மேல் புதுக்காகிதம் ஒட்டுகிறாள். கட்டிய மூட்டையை மடியில் வைத்திருக்கும் மகளிடம், “இது கிழிஞ்சா ஓடிரு கம்சலா, போனைப் பாக்காத” என்கிறாள். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, லயத்துக்கு மேலே நிற்கும் அதே மலையில் ஏறுகிறாள்.