கசினோக்காரி

“கசினோவிலயோ?”

அமலராணி கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். மகன் பேனாட் விரும்பிய பெண், சாரங்கி. இன்றைக்குத்தான் முதன்முதலாக, டென்மார்க்கின் பிராண்டே ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஹோட்டலில் வேலை என்றல்லவா அவன் சொல்லியிருந்தான்!

“ஓம் அன்ரி, ஆர்ஹூஸில. சூதாட்ட மேசையில, விளையாட வாற ஆக்களுக்குக் காட்ஸ் போட்டனான்.” சாரங்கி எதையும் மறைக்கவில்லை.

பேனாட் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தோற்கத் தோற்க சனம் ஏன் பிள்ளை அங்க போகுது? விசரோ?”

“காசு ஆசையில வருவினம். பிறகு காசும் மறந்துபோகும் அன்ரி. மயிரிழையில தப்பிப்போச்சு, அடுத்தமுறை கட்டாயம் விழும் எண்டு தோணும். எழும்ப மனம் வராது. ஒருநாள் ரெண்டுநாள் வெல்லுவினம். ஆனா கடைசியில கசினோதான் வெல்லும். அதுக்கேற்ற மாதிரித்தான் எல்லா விளையாட்டும் செய்து வைச்சிருக்கு.”

“அது தெரிஞ்சும் காட்ஸ் போட்டனியோ?” அமலராணியின் குரல் உயர்ந்தது. “எத்தினை குடும்பம் அழிஞ்சிருக்கும்! அதுகளைப் பெத்த தாய்மாரை ஒருக்கால் நினைச்சுப் பாத்தனியோ?”

சாரங்கியின் கண் கலங்கிவிட்டது.

“அம்மா, காணும், விடுங்கோ” என்றான் பேனாட்.

“நீ பேசாம இரு! அந்த வேலையை விட்டாத்தான் இந்தக் கலியாணம்.”

“இப்ப வேலை இல்லை அன்ரி. என்னை நிப்பாட்டிப்போட்டினம்.”

அமலராணி திடுக்கிட்டாள். “ஏன்? களவு கிளவு ஏதும்...?”

“ஐயோ, இல்லை அன்ரி! எங்கட தமிழ்ப் பெடியன் ஒருத்தர் ஒவ்வொரு நாளும் வந்து தோத்துக்கொண்டிருந்தவர். பாக்கேலாமல், எழும்பி வீட்ட போங்கோ எண்டு தமிழில சொன்னனான். அவர் கேக்கேல்லை. பிறகு வெளியில கூட்டிக்கொண்டு போய், டென்மார்க்கில எந்தக் கசினோவுக்குள்ளயும் தன்னை விடவேண்டாம் எண்டு அரசாங்கப் பதிவில அவரையே பதியவைச்சனான். மேலாளருக்குத் தெரிஞ்சுபோச்சு. விளையாட வந்த ஆளைத் திருப்பி அனுப்புறது எங்கட வேலை இல்லையாம்.”

அமலராணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஆரடி அந்த உதவாக்கரை? அவனுக்காகவோ வேலையை இழந்தனி?”

சாரங்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லு! ஆர் பெத்த பிள்ளை அது?”

பேனாட் எழுந்து வந்து, தாயின் காலடியில் உட்கார்ந்தான்.

“நீங்க பெத்த பிள்ளைதான் அம்மா. இரவு வேலை எண்டு சொல்லிப்போட்டு நான் போனது அங்கதான்.”