பட்டனின் பிடி

வடிவாம்பாளின் கீழ்த்தாடை எலும்பில் இரண்டு திருகாணிகளை இறக்கி, அவற்றின்மேல் கழற்றி மாட்டும் பல்செட்டைப் பொருத்தினார் டாக்டர். திருகாணியை எது நன்றாகப் பிடிக்கிறது என்று பார்க்க, பல்செட்டின் அடியில் இடப்பக்கம் காந்தம் வைத்தார், வலப்பக்கம் பிரஸ் பட்டன்.

"நீ இட்லிக்குத்தான் லாயக்கு," என்றது பட்டன். "என்னைப் பாரு, சீடையைக் கடிச்சாலும் அசையமாட்டேன்."

"கழுவறதுக்கு அந்தம்மா இழுத்தா நான் விட்டுடுவேன்," என்றது காந்தம்.

"விடுறதெல்லாம் ஒரு பிடியா? சீ!"

பட்டனுக்கு அடியில் இருந்த திருகாணி மெல்லச் சொன்னது: "அண்ணே, எலும்பு இன்னும் என்னோட சேரலை. கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க."

பட்டன் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்ததும் வடிவாம்பாள் பல்செட்டைக் கழற்றப் போனாள். காந்தம் உடனே விட்டது. பட்டன் விடவில்லை. அவள் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

"ஐயோ!"

வாஷ்பேசின் முழுக்க ரத்தம். அதன் நடுவே பல்செட் கிடந்தது. வலப்பக்கத்தில் திருகாணி முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா?" என்றது பட்டன், திருகாணியை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி. "அந்த இழுப்பு இழுத்தாளே, நான் விட்டேனா?"