நைட்ரஜன் தீரும் நேரம்

உலை எண்ணூறு டிகிரியில் கனன்றுகொண்டிருக்கிறது. அதற்குள்ளே, கரியிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் விரல் பருமனான கலம். சாய்ந்த வெயில் திரையில் விழுந்து கூச, ஆராய்ச்சி மாணவி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எண்களைப் பார்க்கிறாள். மின்னழுத்தம் ஏறுகிறது. ஏறக் கூடாது. கரியைச் சுற்றி ஓடும் நைட்ரஜன் தீரப்போகிறது. வாயு வெளியேறும் தண்ணீர்க் குடுவையில் கடகடவென்று வந்த குமிழ்கள் இப்போது ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வருகின்றன. "கேஸ் கம்மியானா வோல்டேஜும் கம்மியாகணும்ல அண்ணே? இது என்ன தலைகீழா இருக்கு?" "மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு, இப்பத்தான் பார்த்தேன்," என்கிறார் உலையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். கரியில் உண்டாகும் வாயு வெறும் கழிவு, அதை வெளியே தள்ளத்தான் நைட்ரஜன் என்று மூன்று வருடமாக எழுதிவருகிறாள். நாளை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அந்தக் கழிவுதான் கலத்துக்குத் தீனியா? அப்படியென்றால் இத்தனை நாளும் எதைப் பெருக்கி வெளியே தள்ளினாள்? "புது சிலிண்டர் மாட்டிடவாம்மா?" ஸ்பானரோடு நிற்கிறார் அவர். சரி என்று சொல்ல வாயெடுத்தவள், எழுந்து போய் வால்வைத் திருகி, இருக்கிற கொஞ்சத்தையும் தன் கையாலேயே குறைக்கிறாள். எண் இன்னும் மேலே போகிறது. "அண்ணே, நீங்களே வந்து பாருங்க," என்கிறாள். தன் குரலில் இருப்பது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.