முதல் மூன்று நிமிடம்

"முதல் மூணு நிமிஷத்துல எனக்குப் பயம் வரலேன்னா, படத்தை இத்தோட மூட்டை கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இயக்குநர் மாதிரிக்காக எடுத்திருந்த அந்த மூன்று நிமிடக் காட்சிக்காக எடிட்டரோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டியிருந்தார். இப்போது திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல், தயாரிப்பாளரின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

படம் ஓடத் தொடங்கியதும் தயாரிப்பாளர் நிமிர்ந்தார். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார்.

"யோவ், கேமரா ஏன்யா கோணலாவே போகுது? ஆளே இல்லாத ரூமை எதுக்கு இவ்ளோ நேரம் காட்டுறீங்க? ஐயோ, யாரோ மூச்சு வாங்குறாங்களே, ஆளைக் காட்டித் தொலைங்கய்யா!"

கடைசியில் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார். "படம் பண்றோம்! ஆனா இதை எடுத்தவர்தான் முழுப் படத்துக்கும் கேமராமேன்."

அவர் போனதும் இயக்குநர் எடிட்டரைக் கட்டிக்கொண்டார். "அந்த மூச்சுச் சத்தம் பிரமாதம்! எப்பய்யா சேர்த்தே?"

எடிட்டர் நெளிந்தார். "சார், பதட்டத்துல ஃபைல் மாறிப்போச்சு. ஓடினது நம்ம படமே இல்ல. வாடகைக்கு வீடு பார்க்கப் போன உங்க மாமியார், மூணு மாடி ஏறி எடுத்து அனுப்பினாங்களே, அந்த வீடியோ. பெரிசா பார்க்கணும்னு காலையில நீங்கதான் இந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்க."

இயக்குநர் செல்போனை எடுத்து, என்றுமில்லாத பணிவோடு பேசினார்.

"அத்தை, வீடு கிடக்கட்டும். அடுத்த மாசம் முழுக்க உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?"