பிசின் பிடிக்கும் சத்தம்

இரண்டு பேரில் ஒருத்திதான் நாளை வேலைக்கு வர வேண்டும்.

பம்பாயிலிருந்து கலக்கும் மெஷின் வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தச் சின்ன டானிக் கம்பெனியில் இனி கையால் அரைக்க ஆள் தேவையில்லை. மெஷினோடு நிற்க ஒருத்தி போதும்.

சூப்பர்வைசர் ஜானகிராமன் இருவருக்கும் ஒரே அளவு மீன் எண்ணெயும் ஒரே அளவு வேலம்பிசின் தூளும் கொடுத்தார். யாருடைய கலவையில் எண்ணெய் பிரியாமல் நிற்கிறதோ அவள் இருக்கலாம் என்றார்.

கஸ்தூரியும் வனஜாவும் எப்போதும்போல எதிரெதிராக உட்கார்ந்தார்கள். மருந்தரைக்கும் கல்வத்தில் எண்ணெயையும் பிசினையும் குழைத்து, முதல் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, அரைக்கத் தொடங்கினார்கள்.

ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். நடுவில் கை நிற்கக் கூடாது. பிசின் எண்ணெயைப் பிடித்துக்கொண்டதும் குழவியின் அடியில் சடசடவென்று ஒரு சத்தம் எழும். அதற்குப் பிறகுதான் மீதித் தண்ணீர். முன்னாலேயே ஊற்றினால் எண்ணெய் தனியாக மேலே வந்துவிடும்.

கஸ்தூரிக்குப் பயமாகக்கூட இல்லை. வேலை போனால் கொரட்டூர் வீட்டில் அடுப்பு எரியாது என்பது தெரியும். யாரோ அடுத்த தெருக்காரர்களைப் பற்றிய செய்தியைப் போலத் தெரியும். தன் கை சுற்றுவதை வேறு யாருடைய கையையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வனஜாவின் குழவி நின்றது. அவள் நிமிர்ந்து கஸ்தூரியைப் பார்த்தாள். புருவத்தை லேசாகத் தூக்கினாள்.

கஸ்தூரி அதைப் பார்த்தாள்.

இன்றைக்கு அவளை நம்ப முடியவில்லை. தண்ணீரை எடுக்காமல் மேலும் வெகுநேரம் அரைத்துவிட்டுத்தான் ஊற்றினாள்.

சாயங்காலம் கஸ்தூரியின் பாட்டில் கழுத்து வரை பால்போல இருந்தது. வனஜாவின் பாட்டிலில் மேலே மஞ்சளாக ஓர் எண்ணெய் வளையம்.

ஜானகிராமன் வனஜாவை ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

"கைய நிறுத்திட்டு இன்னா பாத்துகினு இருந்தே? சத்தம் வர்றதுக்குள்ள தண்ணிய ஊத்திகீறே. காது கேக்கலியா ஒனக்கு?"

"ஆமா சார். கொஞ்ச நாளாவே மந்தமாத்தான் கீது."

அவர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டினார்.

கஸ்தூரிக்கு இருவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உதடுகள் தெரியவில்லை. அதனால் என்ன பேசினார்கள் என்றும் தெரியவில்லை.

முன்பு பாடி பகுதியில் தகடு அடிக்கும் பட்டறையில் இருந்த வருடங்களிலேயே கஸ்தூரியின் காது போய்விட்டது. இந்தக் கம்பெனியில் அது வனஜா ஒருத்திக்குத்தான் தெரியும். தினமும் சத்தம் எழுந்ததும் புருவத்தைத் தூக்கிக் காட்டுவதும் அவள்தான்.