படகோட்டியின் வாய்

மகள் டிஸ்க்கைச் சட்டை நுனியால் துடைத்து உள்ளே தள்ளினாள்.

எங்கள் வீட்டில் அவளுக்கு நீதிபதி என்று பெயர். வைத்தவர் அவள் அப்பா. அவருடைய மீசையிலிருந்து என் புதுச் செருப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்வாள். மேல்முறையீடு கிடையாது.

இன்று கூண்டில் நிற்பது நான்.

ஒரு வீடியோ கேமை வைத்து எடுத்த ஜப்பானிய அனிமே, கார்ட்டூன் தொடர் அது. ஆங்கிலம் பேசவைத்து டிஸ்க்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாயகன் ஒரு படகோட்டிப் பையன். அவனுக்கு ஆங்கிலத்தில் பேசியிருப்பவள் நான்.

சின்னப் பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். ஆனால் இத்தனை வருடமும் எனக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் கத்துகிறவள், கதவைத் திறந்துவிட்டுப் போகிறவள், அடிபட்டு ‘ஆ’ என்கிறவள். நாயகன் இதுதான் முதல் தடவை.

அதுவும் மகளுடைய நாயகன். அந்த கேமை எத்தனை தடவை ஆடி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதில் யாருக்கும் குரல் இல்லை. வசனமெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக வரும். பாதி ஆங்கிலத்தை அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

எழுத்தாகவே பழகிய ஒருவனுக்குக் குரல் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஆடியவர்கள் ஒவ்வொருவர் மனதிலும் அவன் ஒவ்வொரு மாதிரி இருப்பான். கொஞ்சம் பிசகினாலும் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

ஊரார் கிழித்தால் கிழிக்கட்டும். இவள் மட்டும் ‘இது அவன் இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

ஜப்பானிய மொழியா, ஆங்கிலமா என்று திரை கேட்டது. அவள் ஆங்கிலத்தை அழுத்தினாள்.

படகோட்டி வாயைத் திறந்தான். பேசினான். மூடினான்.

டப்பிங்கில் பாதி உயிர் இதற்குத்தான் போகும். எவ்வளவு அழகான வசனமாக இருந்தாலும் அந்த வாய்க்குள் அடங்கவில்லையென்றால் வெட்டிவிடுவோம். ஒரு சொல் நீண்டாலும் கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொள்வார். லேசில் யாரையும் பாராட்டாத மனிதர். உதட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டது என்று கடைசியில் அவரே ஒப்புக்கொண்டார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் படகோட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியது. சோபாவின் நுனிக்கு நகர்ந்தாள். பிறகு இறங்கித் தரையில் உட்கார்ந்து, திரைக்கு இன்னும் கிட்டே போனாள்.

முதல் காட்சி முடிவதற்குள் படத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எப்பப் பார்த்தாலும் ‘பா, பா, பா’ன்னுதான் சொல்றான். நிஜமா நீ என்னம்மா பேசின?”

கைகளால்தான் கேட்டாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. நாங்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வாள். பதிலைக் கையால் சொல்வாள்.

கார்ட்டூன் வாய்க்குத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். உதட்டில் ஒட்டவைத்தோம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்ட இடத்தில், உதட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. கேமில் வந்த மாதிரி அடியில் எழுத்து வரும் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்துக்கு அதைப் போடாமல் விட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

ஜப்பானிய மொழியை வைத்தால் எழுத்து வரும் என்று சொல்லி ரிமோட்டுக்குக் கையை நீட்டினேன். அவள் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“அது நீ பேசினது இல்லையே.”

எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்ந்தேன். அவள் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

என் உதட்டில் அவளுக்குப் படிக்க வருவது தமிழ்தான். ஆகவே படகோட்டி தமிழ் பேசினான். டிவியில் என் ஆங்கிலம் தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்க, நான் சத்தமே இல்லாமல் வாயை அசைத்தேன். எட்டிப் பார்த்த அவள் அப்பா அப்படியே கதவில் சாய்ந்து நின்றுவிட்டார். பொருத்தமெல்லாம் படு கேவலம். அவன் மூடும்போது நான் திறந்தேன். ஒலிப்பதிவாளர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

படகோட்டி ஒரு சுங்கக்காரனைக் கிண்டல் செய்யும் இடத்தில் மகள் சிரித்தாள். நல்ல, உரத்த சிரிப்பு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாகத்தின் முடிவில் படகு கரையை விட்டு விலகும். கரையில் அவன் தங்கை நிற்பாள். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் நான் சொன்னது ‘காத்திரு’ என்ற ஒரே சொல். கேமில் நீளமான வசனம் உண்டு. வாய் ஒரு தடவைதான் திறக்கிறது என்று மிச்சத்தை வெட்டிவிட்டோம்.

மகளுக்கு அந்த வசனம் மனப்பாடம். அவள் மூச்சுவிடாமல் என் உதட்டைப் பார்த்தாள்.

நான் முழுவதையும் சொல்ல ஆரம்பித்தேன். காற்று மாறினாலும் வருவேன். வழி தெரியாவிட்டாலும் கேட்டுக் கேட்டு வருவேன். நீ தூங்கிப்போனால் பரவாயில்லை...

படகோட்டி வாயை மூடிவிட்டான். படகு சிறுத்துக்கொண்டே போனது. வசனத்தில் பாதி என் வாயிலேயே இருந்தது.

மகள் படத்தை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, மேலே சொல் என்று தலையசைத்தாள்.

என் தொழிலில் முதல் தடவையாக, நான் பேசி முடிக்கும்வரைக்கும் படம் எனக்காகக் காத்திருந்தது.